142 அடியும் என் காலை ஜெபமும்

என் அக்காவை உத்தமபாளையம் பக்கம் நெல் விவசாயக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்தார்கள். நான் கேரளத்து வண்டிப்பெரியாற்றில், ஆற்றோரத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். எங்கள் இருவருக்கும் நடுவில் முல்லைப் பெரியாறு அணை இருக்கிறது. அணை நிறைந்தால் அவளுக்கு இரண்டு போகமும் உறுதி. அணை நிறைந்தால் எனக்குத் தூக்கம் போய்விடும். ஜூன் பிறந்ததும் அவள் மழை வேண்டும் என்று ஜெபிப்பாள். நானோ, ஆண்டவரே கொஞ்சம் பொறுத்துப் பெய்யட்டும் என்பேன். ஒரே அப்பாவிடம் ஜெபிக்கக் கற்றவர்கள், ஒரே நேரத்தில், அதிகாலை இருட்டில், ஒரே தண்ணீரைப் பற்றி எதிரெதிராகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

பெரிய இழப்பு வந்தால்தான் விசுவாசம் ஆட்டம் காணும் என்று கன்வென்ஷன் ஜெபக்கூட்டங்களில் பேசுவார்கள். எனக்கு இந்தக் கணக்கிலேயே ஆட்டம் கண்டுவிட்டது. இருவரில் ஒருத்திக்கு 'இல்லை' என்றுதான் பதில் வந்தாக வேண்டும். அப்படியானால் கேட்பதற்கு என்ன பொருள்? மழை எப்படியும் தன் இஷ்டத்துக்குத்தானே பெய்கிறது?

சமவெளியில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1895-இல் கட்டி முடித்த அணை அது. சுண்ணாம்பும் சுர்க்கியும் (செங்கல் பொடி) சேர்த்துக் கட்டியது. அணை இருப்பது கேரளத்தில். தண்ணீர் தேக்கடியிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத் தமிழ்நாட்டுக்குப் போகிறது. தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் என்று ஐந்து மாவட்டங்களுக்கு அந்தத் தண்ணீர் பயன்படுகிறது. மதகைத் திறந்து ஆற்றில் விட்டால் மட்டும் எங்கள் பக்கம் வரும். அணைக்குக் கீழே முதலில் வருகிற பெரிய ஊர் எங்களுடையது. 1979-இல் அணையின் உறுதி பற்றிப் பயம் எழுந்தபோது நீர்மட்டத்தை 136 அடிக்குக் குறைத்தார்கள். 142 அடி வரை தேக்கலாம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எங்கள் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூட இந்த இரண்டு எண்களும் மனப்பாடம். அத்தான் வீட்டில் இயேசு படத்துக்குப் பக்கத்திலேயே அணையைக் கட்டிய பென்னிகுவிக் படமும் மாட்டியிருக்கிறது. இரண்டுக்கும் ஒரே அளவு சட்டம். நான் ஒன்றும் சொல்வதில்லை.

என் கேள்விக்குச் சபையில் கிடைக்கும் பதில் எப்போதும் ஒன்றுதான்: "உம்முடைய சித்தம் ஆகக்கடவது என்று ஜெபித்துவிடு, அம்மா." எனக்கு இது பாதி ஜெபமாகத்தான் படுகிறது. கெத்செமனேயில் இயேசு அந்த வார்த்தையைச் சொன்னார், உண்மைதான். ஆனால் அதற்கு முன் இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும் என்று கேட்டார். வியர்வை சொட்டச் சொட்டக் கேட்டார். முதல் பாதியை விட்டுவிட்டு நேராக இரண்டாம் பாதிக்குப் போவதைப் பக்தி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என்னைக் காலையில் எழுப்பி உட்கார வைத்தது அப்பாவின் பழைய ஜெப புத்தகம். அப்பா எஸ்டேட்டில் மருந்தடிக்கும் வேலை பார்த்தார். உபதேசியார் வர முடியாத ஞாயிறுகளில் எங்கள் லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் அவர்தான் ஜெபம் வாசிப்பார். மற்ற நாட்களில் மஸ்டருக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, போவதற்கு முன் எங்களை எழுப்பி உட்கார வைப்பார். திருநெல்வேலியிலிருந்து தாத்தா கொண்டுவந்த ஆங்கிலிக்கன் காலத்துப் புத்தகம் அது. 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உண்டான பிறகு ஆராதனை முறை மாறிவிட்டது. வீட்டில் மாறவில்லை.

அதில் வேதத்திலுள்ள 150 சங்கீதங்களையும் (ஜெபப் பாடல்கள்) 30 நாட்களுக்கு, காலைப் பங்கு, மாலைப் பங்கு என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். 1549-இல் பேராயர் கிரான்மர் இங்கிலாந்துச் சபைக்கு வகுத்த ஏற்பாடு. 31-ஆம் தேதி வந்தால் 30-ஆம் தேதியின் பங்கையே மறுபடி வாசிக்க வேண்டும். மாலையில் கடையில் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும் என்பதால் நான் இரண்டு பங்கையும் காலையிலேயே வாசித்துவிடுவேன். சத்தமாக. மனதுக்குள் வாசித்தால் பாதியில் அன்றைக்குக் கொடுக்க வேண்டிய ப்ளவுஸ்கள் ஞாபகம் வந்துவிடும்.

அன்றைக்கு என் மனநிலை என்ன என்று அந்தப் பட்டியல் கேட்பதில்லை. தேதியைத்தான் கேட்கிறது. யாருக்கோ தைத்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொள்வதுபோலத்தான். சில நாள் தொளதொள என்று நிற்கும், சில நாள் கை நுழையாது. 17-ஆம் தேதி காலையில் 88-ஆம் சங்கீதம் வரும். "காலையிலே என் விண்ணப்பம் உமக்கு முன்பாக வரும்" என்று அதில் ஒரு வரி இருக்கிறது. அதைப் பார்த்து ஏதோ ஆறுதல் வரப்போகிறது என்று நினைத்தால், கடைசி வசனத்தில் சிநேகிதரும் போய், அறிமுகமானவர்களும் மறைந்துபோய், அப்படியே முடிந்துவிடுகிறது. 'ஆனாலும்' என்று ஒரு திருப்பம் கிடையாது. வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூவோடு தினமும் வருகிற வாக்குத்தத்த வசனங்களில் இந்தச் சங்கீதத்தின் முடிவை யாரும் அனுப்பி நான் பார்த்ததில்லை. வேதத்தில் மட்டும் அதை வெட்டாமல் வைத்திருக்கிறார்கள். சந்தேகப்படுகிறவளுக்கும் மாதத்தில் ஒரு காலை ஒதுக்கியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

2018 ஆகஸ்டில் ஆற்றோரத்துக் குடும்பங்களை முகாம்களுக்கு மாற்றினார்கள். நாங்கள் ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில் இருந்தோம். ரேஷன் கார்டு, ஆதார், கடைக் கணக்கு நோட்டு, அப்பாவின் ஜெப புத்தகம், எல்லாம் ஒரே பிளாஸ்டிக் பையில். 15-ஆம் தேதி அதிகாலை இரண்டரை மணி வாக்கில் அணையின் மதகுகளைத் திறந்தார்கள். மின்சாரம் இல்லை. மாதாவின் விண்ணேற்புப் பெருநாள் என்பதால் கத்தோலிக்கப் பெண்கள் தமிழிலும் மலையாளத்திலும் மாறி மாறி ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் போன் வெளிச்சத்தில் தேதியைப் பார்த்துப் பக்கத்தைப் புரட்டினேன். 15-ஆம் தேதி காலைக்கு 75, 76, 77.

77 எப்படிப் போகிறது என்று தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. "தேவன் இரக்கஞ்செய்ய மறந்தாரோ?" என்று கேட்கிறான் அதைப் பாடிய ஆசாப். ராத்திரி முழுவதும் தூங்கவில்லை என்கிறான். பிறகு தண்ணீர் வருகிறது: "ஜலங்கள் உம்மைக் கண்டு தத்தளித்தது." அவருடைய பாதை திரண்ட தண்ணீர்களில் இருந்தது, காலடிகள் மட்டும் தெரியவில்லை என்று சொல்லி, மோசேயையும் ஆரோனையும் பற்றி ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறான். அந்த வகுப்பறையில் எனக்குச் சமாதானம் ஒன்றும் உண்டாகவில்லை. பயம் அப்படியே இருந்தது. ஆனால் இந்தக் கேள்வியை முதலில் கேட்டவள் நான் இல்லை என்பது தெரிந்தது. கேட்டவனைச் சபையை விட்டுத் தள்ளாமல், அவன் வார்த்தையையே ஜெபமாக அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள் என்பதும் தெரிந்தது. பக்கத்தில் படுத்திருந்த ஒரு பாட்டி, "கொஞ்சம் உரக்க வாசி மகளே" என்றார். வாசித்தேன்.

தண்ணீர் வடிந்த பிறகு கடையில் சேறு அள்ளினோம். மெஷினைப் பிரித்து எண்ணெய் போட்டு ஓட வைத்தார்கள். அக்கா போனில் அழுதாள். அந்த நாட்களில்தான் அணை 142-ஐத் தொட்டிருந்தது, அவள் ஜூனிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த 142. நான் அதை அவளிடம் சொல்லிக்காட்டவில்லை. அவளே சொன்னாள்.

பிறகுதான் பட்டியலில் வேறொன்று என் கண்ணில் பட்டது. 12-ஆம் தேதி மாலைப் பங்கில் 65-ஆம் சங்கீதம் இருக்கிறது. பூமிக்கு நீர் பாய்ச்சித் தானியம் விளைய வைக்கிறவரைப் போற்றுகிற பாட்டு. அக்காவின் வயலுக்கென்றே எழுதியதுபோல் இருக்கும். மறுநாள் மாலைக்கு 69: வெள்ளங்கள் என் ஆத்துமாமட்டும் பெருகிவருகிறது, என்னை இரட்சியும். அது நான். இரண்டையும் ஒரே புத்தகத்தில், ஒரு நாள் இடைவெளியில் வைத்துவிட்டு, எது சரி என்று தீர்ப்புச் சொல்லாமல் போயிருக்கிறார்கள். என் கணக்குக்கு இது விடை ஆகாது. ஆனாலும் அதற்குப் பிறகு அவளுடைய ஜெபம் என் ஜெபத்துக்கு எதிரி என்று எனக்குத் தோன்றுவதில்லை.

இப்போதும் மழைக்காலக் காலைகளில் கட்டன் சாயா போட்டதும் முதலில் போனில் நீர்மட்டம் பார்ப்பேன். அடியைப் பார்த்துவிட்டுத்தான் ஆண்டவரிடம் போகிறேன். கண்ணை மூடிக்கொண்டு அதையே நினைத்துக்கொண்டிருப்பதைவிட இது மேல். அன்றைய பங்கை வாசிப்பேன். அப்புறம் 136-க்கு மேல் போக வேண்டாம் என்று வெளிப்படையாகவே கேட்பேன். அக்காவின் நெல்லுக்கும் கேட்பேன். இரண்டும் எப்படிச் சேர்ந்து நடக்கும் என்று அத்தானிடம் கேட்டதற்கு, மழை சீராகப் பெய்து, வருகிற தண்ணீரை அவ்வப்போதே சுரங்கம் கொள்ளும் அளவுக்கு எடுத்துக்கொண்டே இருந்தால் நடக்கும் என்று விவசாயி மாதிரி பதில் சொன்னார். அதையும் ஜெபத்தில் சேர்த்துக்கொண்டேன்.

போன வாரம் அக்கா கூப்பிட்டாள்.

"அங்கே மழை உண்டா?"

"உண்டு. நீ இன்னும் 142-தான் கேட்கிறாயா?"

"142-தான். அதற்கு மேல் ஓர் அங்குலமும் ஏறக் கூடாது, வண்டிப்பெரியாற்றுப் பக்கம் ஒரு சொட்டும் போகக் கூடாது என்றும் சேர்த்துத்தான் கேட்கிறேன்."

"136 போதாதா?"

"அடிப் போடி, கடைசி நடவுக்கு யார் தண்ணீர் கொடுப்பது?" என்று சொல்லிவிட்டு, ஒரு ப்ளவுஸுக்கு அளவு சொல்ல ஆரம்பித்தாள்.