மண்டபம் நாட்குறிப்பு: வாடை முதல் கச்சான் வரை

2024 ஜனவரி 28, ஞாயிறு

வாடை இன்னும் ஓயவில்லை. மண்டபத்திலிருந்து பஸ் பிடித்து, தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனை போனேன். 2022 டிசம்பரிலிருந்து பாம்பன் பாலத்தில் ரயில் ஓடாததால் கூட்டம் முழுக்க பஸ்ஸில்தான்.

முனையில் இலங்கையைப் பார்த்து நின்றால் இடப்பக்கம் பாக் விரிகுடா, வலப்பக்கம் மன்னார் வளைகுடா. இடப்பக்கம் பெண்கடல், அலையே இருக்காது என்று வேன் டிரைவர் ஒருவர் கூட்டிவந்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்ன பெண்கடல் இன்று சேற்று நிறத்தில் கரையை அடித்துக்கொண்டிருந்தது. ஆண்கடல் என்கிற மன்னார் பக்கம் நீலமாக, ஏறக்குறைய சும்மா கிடந்தது.

காரணம் ஆழம்தான். பாக் விரிகுடாவின் ஆழமான இடமே சுமார் 13 மீட்டர். வடகிழக்கிலிருந்து வாடை வீசும்போது அடிமண் வரை கலங்கிவிடும். மன்னார் பக்கத்துக்கு ராமேஸ்வரம் தீவின் மறைப்பு உண்டு. அதோடு தெற்கே போகப் போக ஆயிரம் மீட்டரையும் தாண்டி இறங்குகிற கடல் அது. அடியில் கலக்குவதற்கு மண் எட்டாது.

திரும்பும் வழியில் தனுஷ்கோடி தேவாலயத்தின் இடிந்த சுவரைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். கல் என்று நாம் நினைப்பது முழுக்கப் பவளம். காரை உதிர்ந்த இடங்களில் பூப்பூவாக, விரல்நுனி கொள்ளாத சின்னக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் ஒரு காலத்தில் ஓர் உயிர் உட்கார்ந்திருந்தது. 1964 டிசம்பர் புயலில் ஊர் போனது, சுவர் மிச்சம்.

பிப்ரவரி 24, சனி

மாசிப் பௌர்ணமி. வற்றம் நன்றாக இருக்கும் என்று பாசி எடுக்கும் பெண்கள் விடிவதற்கு முன்பே கிளம்பிவிட்டார்கள். இந்தப் பக்கம் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர்கூட வராது. குஜராத்தின் காம்பே வளைகுடாவில் பத்து மீட்டருக்கு மேல் ஏறி இறங்குவதோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து வேலை செய்பவருக்கு அரை மீட்டர் பெரிய விஷயம். அதனால்தான் அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் மட்டும் போகிறார்கள்.

எதிர்வீட்டு அக்கா கரையேறியதும் விரல்களில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தார். பாறை அறுத்த கோடுகள் பழசும் புதுசுமாக இருந்தன. சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி. சாக்கில் மரிக்கொழுந்துப் பாசி. இதிலிருந்துதான் அகர் என்கிற ஜெல்லிப் பொருளை எடுக்கிறார்கள். கட்டக்கோரைப் பாசி வேறு, அது ஆல்ஜினேட் என்கிற கெட்டியாக்கும் பொருளுக்குப் போகும்.

“வேரோட புடுங்கக் கூடாது தம்பி. அடுத்த தடவை எங்க போறது?” என்றார்.

ஏப்ரல் 17, புதன்

நேற்று முன்தினம் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் போகாது. இன்று மாலையோடு தேர்தல் பிரசாரமும் முடிந்ததால் ஒலிபெருக்கி இல்லை. ஊர் இவ்வளவு அமைதியாக இருந்து பார்த்ததில்லை.

தடை தொடங்கிய அதே நாளில்தான் அமெரிக்கக் கடல்-வளிமண்டல நிறுவனமான நோவா, உலக அளவில் நான்காவது பவள வெளிறல் (சூட்டில் பவளம் நிறமிழந்து வெளுப்பது) நடந்துகொண்டிருக்கிறது என்று அறிவித்திருக்கிறது. எங்கள் கடலுக்கு இது புதிதல்ல: 1998, 2010, 2016 என்று வரிசையாக அடி வாங்கியது.

மே 12, ஞாயிறு

வெயில் தாங்கவில்லை. காற்று சுத்தமாக இல்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு வடக்குக் கடற்கரையில் இறங்கினேன். தேசியப் பூங்கா எல்லை மன்னார் பக்கத் தீவுகளைச் சுற்றித்தான். இந்தப் பவளப்பாருக்கு அனுமதிச் சீட்டு வேண்டியதில்லை. மேல் தண்ணீர் குளிக்க வைத்த வெந்நீர் மாதிரி இருந்தது.

மான்கொம்பு போலக் கிளைவிடும் பவளங்கள் நுனி முதல் அடி வரை வெள்ளை. செத்துவிட்டன என்று தோன்றும், ஆனால் முகத்தை ஒட்டிக் கொண்டுபோய்ப் பார்த்தால் எலும்புக்கு மேல் கண்ணாடி போன்ற மெல்லிய சதை இன்னும் இருக்கிறது. அதற்குள் குடியிருந்த நுண்பாசிதான் வெளியேறிவிட்டது. பவளத்துக்கு நிறமும் பெரும்பங்குச் சாப்பாடும் அந்தப் பாசி கொடுப்பது. வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடி, சில வாரம் அப்படியே நின்றால் போதும், உறவு முறிந்துவிடும். சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்பி வரும். தணியாவிட்டால் பவளம் பட்டினியில் சாகும். பக்கத்தில் உருண்டை உருண்டையாக இருந்த பொரைட்டிஸ் வகை வெளிறியிருந்தாலும், அது பொதுவாகத் தாக்குப்பிடிக்கிற ஜாதி.

போன வாரம் தென் தமிழகத்துக்குக் கள்ளக்கடல் எச்சரிக்கை வந்தது. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எங்கோ அடித்த புயலின் அலை, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி, இங்கே காற்றே இல்லாத நாளில் கரை ஏறுகிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் ஐந்து பயிற்சி மருத்துவர்களை வாரிக்கொண்டு போய்விட்டது. நான் இறங்கிய பாக் பக்கத்துக்கு அந்த அலை வராது. இலங்கையும் ராமர் பாலத்து மணல் திட்டுகளும் குறுக்கே நிற்கின்றன.

ஜூன் 23, ஞாயிறு

தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் பிடித்துவிட்டது. ஜன்னலைத் திறந்தால் சோற்றில் மணல். மன்னார் பக்கம் வெள்ளை வெள்ளையாக அலை உடைகிறது. பாக் பக்கம் தட்டையாகக் கிடக்கிறது. வேன் டிரைவர் சொன்னதை இப்போது வந்து பார்த்தால் சரியாக இருக்கும்.

மண்டபத்துக்காரர்களுக்கு இது வசதி. ஊருக்கு வடக்கிலும் தெற்கிலும் கரை. வாடைக்குத் தெற்கே, கச்சானுக்கு வடக்கே. பக்கத்து வீட்டு அண்ணன் வத்தை என்கிற தன் நாட்டுப்படகைப் பாம்பன் கால்வாய் வழியாக இந்தப் பக்கம் கொண்டுவந்துவிட்டார். “நீவாடு (நீரோட்டம்) எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாத்துத்தான் பாலத்தைத் தாண்டணும். காத்தைக்கூட சமாளிச்சிடலாம்,” என்றார். இந்தக் காலத்தில் கால்வாயில் தண்ணீர் வடக்கே ஓடும். வாடைக் காலத்தில் தெற்கே.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஆடி அமாவாசை. அக்னி தீர்த்தத்தில் கால் வைக்க இடமில்லை. அவ்வளவு பேரும் பயமில்லாமல் இறங்க முடிவது அங்கே கடல் குளமாகக் கிடப்பதால்தான். அதே நேரத்தில் தனுஷ்கோடியின் தெற்குக் கரையில் இறங்கினால் இழுத்துவிடும்.

சாயங்காலம் அண்ணனோடு பேச்சு மணல் திட்டுகள் பக்கம் போனது. தனுஷ்கோடியிலிருந்து இலங்கையின் தலைமன்னார் வரை விட்டு விட்டுக் கிடக்கிற திட்டுகள். 2022-ல் இலங்கையில் நெருக்கடி வந்தபோது, இந்தத் திட்டுகளில் இறக்கிவிடப்பட்டுத் தவித்த குடும்பங்களைக் கடலோரக் காவல்படையின் ஹோவர்கிராஃப்ட்தான் போய் ஏற்றிவந்தது. கப்பல் அங்கே தரை தட்டிவிடும். சுமார் இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன், உலகக் கடல்மட்டம் 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்த காலத்தில், பாக் விரிகுடா முழுக்கத் தரை. இங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு நடந்தே போயிருக்கலாம்.

அண்ணனுக்கு அந்தப் பழங்கதையில் ஆர்வமில்லை. திட்டு வருஷா வருஷம் இடம் மாறுகிறது, போன வருஷம் வலை விட்ட வழி இந்த வருஷம் மேடாகிவிட்டது என்பதுதான் அவர் கவலை. வாடையில் மணல் தெற்கே வரும், கச்சானில் வடக்கே போகும். கீழக்கரை அருகே பூவரசன்பட்டி, தூத்துக்குடி அருகே விலங்குசல்லி என்று இரண்டு தீவுகள் மூழ்கியே போய்விட்டன. சுண்ணாம்புக்காகச் சுற்றியிருந்த பவளப்பாரை வெட்டி எடுத்த பிறகு அலையைத் தடுக்க அங்கே ஒன்றும் இல்லை.

“வாடை வந்ததும் மறுபடி அந்தப் பக்கம் போகணும்,” என்றார் அண்ணன். “அதுக்குள்ள என்ஜினைப் பாக்கணும். காசுதான் இல்லை.”