ஒரு ஜீப், இரண்டு ஆய்வாளர்கள்

ஊட்டியில் வாடகைக்குப் பிடித்திருந்த எங்கள் கள அலுவலகத்தில் மேசை இரண்டு, ஹீட்டர் ஒன்று. பல்கலைக்கழகம் கீழே, சமவெளியில். பழைய மாணவர் ஒருவர் தன் அம்மா பெயரில் பெரிய தொகையை வைப்பாகப் போட்டுக் கொடுத்திருந்தார். அசலைத் தொடக்கூடாது, வருகிற வட்டியில் இரண்டு பேருக்கு இரண்டு வருடம் ஃபெலோஷிப். நிபந்தனை ஒன்றுதான்: ஆட்கள் வேறு வேறு துறை, ஆய்வு ஒன்று. நான் ஒருங்கிணைப்பாளர். பெயர்தான் அப்படி, வேலை வவுச்சர் ஒட்டுவது.

கொடையாளர் என்றாலே எனக்குக் குன்னூர் பாஸ்டர் நிறுவனம் நினைவுக்கு வரும். அமெரிக்கச் செல்வந்தர் ஹென்றி ஃபிப்ஸ், இன்னதற்குத்தான் என்று கட்டிப்போடாமல் வைஸ்ராய் கர்சனிடம் பணம் கொடுத்தார். ஒரு பகுதி பீகாரில் பூசா வேளாண் ஆராய்ச்சிக்குப் போனது. ஒரு பகுதியில் 1907-ல் குன்னூரில் வெறிநாய்க்கடிக்கு மருந்து தயாரிக்க ஆரம்பித்தார்கள். எங்கள் கொடையாளரும் அந்த ரகம்தான். கேள்வி கேட்டுக் குடைந்தது பல்கலைக்கழகக் கணக்குப் பிரிவு.

வந்தவர்களில் ஒருவர் நீரியல் படித்த பெண். சதுப்பிலிருந்து இறங்கும் ஓடையில் வி வடிவ வெட்டுள்ள தகரத் தடுப்பு வைத்து நீர்வரத்தை அளப்பார். மற்றவர் நாட்டார் வழக்காற்றியல் பையன். நீலகிரிப் படுகர்களின் ஹட்டிகளில், அதாவது ஊர்களில், ஊற்றுகளைப் பற்றிய கதைகளைப் பதிவு செய்வார். 'நீர்' என்ற சொல் இருவர் விண்ணப்பத்திலும் இருந்தது; தேர்வுக் குழுவுக்கு அது போதுமாக இருந்தது.

முதல் ஆறு மாதம் மாதாந்திரக் கூட்டம் நடத்தினேன். அவர் வரைபடம் காட்டுவார், இவர் ஒலிப்பதிவு போடுவார், இருவரும் மரியாதையாகத் தலையாட்டுவார்கள். அந்தக் கூட்டங்களில் எல்லாத் துறைக்கும் பொதுவாக இருந்தது தட்டிலிருந்த வர்க்கி மட்டும்தான்.

அப்புறம் வங்கி வட்டி இறங்கியது. உதவித்தொகையில் கைவைக்க முடியாது, பயணச் செலவில் வைத்தார்கள். இரண்டு ஜீப் ஒன்றானது.

சண்டை ஆரம்பித்தது. அந்தப் பெண்ணுக்கு விடிவதற்குள் தடுப்பிடம் போகவேண்டும். பையனுக்குச் சாயங்காலம்தான் வேலை. கேரட் தோட்டத்துக்கும் தேயிலைக்கும் போனவர்கள் திரும்பிய பிறகுதான் ஹட்டியில் ஆள் இருக்கும். டிரைவர் அண்ணன் என்னிடம் வந்து, "சார், ரெண்டு பேரையும் காலையில ஏத்துனா ராத்திரிதான் எறக்க முடியும். டீசல் கணக்கு உங்க பாடு" என்றார். அப்படியே நடந்தது. காலையில் பையன் அளவுகோல் பிடித்தான். சாயங்காலம் அந்தப் பெண் திண்ணையில் உட்கார்ந்து, புரியாத மொழியில் கதை கேட்டார். டிரைவர் அண்ணன் படுகர், மொழிபெயர்ப்பு அவர். அதற்குக் கூலி கொடுக்க எந்தச் செலவுத் தலைப்பும் இல்லை.

ஒருநாள் ஒரு பாட்டி, கோயில் காரியத்துக்குத் தண்ணீர் எடுத்த பழைய ஊற்றைப் பற்றிச் சொன்னார். இப்போது எடுப்பதில்லை, வேறு இடம். பையனுக்கு அந்தச் சடங்கு மாறிய கதை போதும். அந்தப் பெண்தான் கேட்டார்: "எப்ப நின்னுச்சு பாட்டி?" பாட்டி வருஷம் சொல்லவில்லை. மேலே சீகை மரம் (வாட்டில்) கூரை உசரம் வந்த பிறகு, சின்னவன் கல்யாணத்துக்கு அடுத்த பனிக்காலம் என்றார். உள்ளே போய்த் தகரப் பெட்டியிலிருந்து மஞ்சள் பூசிய பத்திரிகையைக் கொண்டுவந்தார். மடிப்பில் கிழிந்திருந்தது. தேதி தெரிந்தது: 1994.

ஊட்டி அருகே கிளன்மார்கனில் முன்பு நடந்த நீண்ட ஆய்வில், புல்வெளியில் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) நட்ட இடத்தில் முதல் பத்தாண்டுச் சுழற்சியிலேயே நீர்வரத்து 16 சதவீதம் குறைந்ததாகக் கண்டிருக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு அது மனப்பாடம். ஆனால் கருவி வைக்காத ஓர் ஊற்றுக்கு, நின்றுபோன பனிக்காலம் வரைக்கும் கணக்கு கிடைக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. அன்று இரவு ஜீப்பில் வாயே மூடவில்லை. பையன் பழைய பதிவுகளையெல்லாம் திரும்பக் கேட்க ஆரம்பித்தான், எங்கெங்கே கல்யாணம், சாவு, வெள்ளம் வருகிறது என்று. அடுத்த நான்கு மாதத்தில் பதினோரு ஊற்றுகளுக்கு இப்படி வருடம் பிடித்தார்கள். பத்திரிகை இல்லாத வீடுகளில் நிலப் பட்டா, ரேஷன் கார்டு, ஒரு வீட்டில் பள்ளிச் சான்றிதழ்.

ஆண்டறிக்கையில் நான் ஒரு தவறு செய்தேன். முதல் பக்கத்திலேயே வாகனச் சிரமத்தை உருக்கமாக எழுதிவிட்டேன். எப்போதும் எழுதுகிற புலம்பல்தான், இந்த முறை வேலை செய்தது. கொடையாளர் அறிக்கையைப் படித்துவிட்டு நேரில் வந்தார். டீ குடித்தார், பதினோரு ஊற்றுகளின் வரைபடத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "பிள்ளைங்க இவ்வளவு கஷ்டப்பட வேண்டாம்ப்பா" என்று சொல்லி, தன் கையிலிருந்து இன்னொரு ஜீப்புக்கு வாடகை ஏற்றுக்கொண்டார். நான் நன்றிக் கடிதம் எழுதினேன்.

இரண்டாம் வருட லாக் புக்கைப் பார்த்தால் தெரியும். ஒரு ஜீப் காலை 5.10-க்குக் கிளம்பி ஒன்பதரைக்குத் திரும்பியிருக்கிறது. இன்னொன்று மாலை நாலரைக்கு. மனஸ்தாபம் எதுவும் இல்லை. எதிரில் பார்த்தால் சிரித்துக்கொள்வார்கள். இறுதி அறிக்கை என் மேசைக்கு இரண்டு கோப்பாக வந்தது, இரண்டு எழுத்துருவில். இரண்டையும் ஒரே ஸ்பைரல் பைண்டிங்கில் போட்டு, மேலே ஒரு தலைப்பு அடித்து அனுப்பினேன்.