கிராஃப்ட்வெர்க் ட்ரம் பேட் செஞ்சு பாத்தாச்சு

1975ல பிபிசியோட டுமாரோஸ் வேர்ல்ட்ங்கற அறிவியல் டிவி ஷோல ஜெர்மனி எலக்ட்ரானிக் மியூசிக் பேண்ட் கிராஃப்ட்வெர்க் வாசிச்ச க்ளிப் ஒண்ணு இருக்கு, அதுல வுல்ஃப்காங் ஃப்ளூரும் கார்ல் பார்டோஸும் நின்னுகிட்டு ட்ரம்ஸுக்கு பதிலா மெட்டல் தகடுங்கள ஒரு மெட்டல் குச்சியால தொடுவாங்க, தொட்டா சர்க்யூட் க்ளோஸ் ஆகி சத்தம் வரும், அவ்ளோதான் மேட்டர். இத நாமளே செய்யலாமேன்னு இறங்கிட்டேன்.

எவர்சில்வர் சின்ன தட்டு நாலு, ஸ்வெட்டர் பின்ற ஊசி ரெண்டு, ஒரு ஆர்டுயினோ லியோனார்டோ (நாமளே கோட் எழுதி ஓட்டுற சின்ன சர்க்யூட் போர்டு). எவர்சில்வர்ல சாதா சோல்டர் ஒட்டவே ஒட்டாது, அதனால ஓரத்துல ஓட்டை போட்டு ஸ்க்ரூ நட்டு வச்சு வயர முறுக்கி இறுக்கிட்டேன். ஊசி வயர் போர்டோட கிரவுண்டுக்கு, தட்டு வயர் இன்புட் பின்னுக்கு. ஊசி தட்டுல படும்போது துள்ளும்ல, அதுல ஒரு அடிக்கு நாலஞ்சு சத்தம் வந்துச்சு, ஒருதடவ தொட்டதும் 25 மில்லிசெகண்ட் கண்ண மூடிக்கோன்னு கோட்ல எழுதினதும் க்ளீன் ஆயிடுச்சு.

வாசிச்சாதான் தெரியுது, இதுல மெதுவா அடி, ஓங்கி அடின்னு ஒண்ணுமே கிடையாது, எப்படி தொட்டாலும் ஒரே வால்யூம். ஆனா டைமிங் மட்டும் நம்ம கையோடது, லேசா முன்ன பின்ன போகும். அந்தக்கால கிராஃப்ட்வெர்க் பாட்டு மெஷின் மாதிரியும் இருக்கும் ஆனா செத்த மாதிரி இருக்காதே, அதுக்கு பாதி காரணம் இதுதான்னு எனக்கு தோணுது.

அந்தக்காலம்னு ஏன் சொல்றேன்னா, இந்த பேண்ட்ல ஆளுங்க மாறிகிட்டே இருந்தாங்க. 1970ல டுஸ்ஸல்டார்ஃப்ல ரால்ஃப் ஹியூட்டரும் ஃப்ளோரியன் ஷ்னைடரும் ஆரம்பிச்சாங்க, அடுத்த வருஷமே ஹியூட்டர் கொஞ்ச மாசம் கழண்டுகிட்டார், அப்போ ஷ்னைடரோட வாசிச்ச க்ளாஸ் டிங்கரும் மைக்கேல் ரோத்தரும் தனியா போய் நொய்னு வேற பேண்ட் போட்டுட்டாங்க. 1973ல ஃப்ளூர் வந்தார், 75ல அமெரிக்க டூருக்காக பார்டோஸ், அவர் முறையா பெர்கஷன் (தாளவாத்தியம்) படிச்சவர். இந்த நாலு பேர்தான் ட்ரான்ஸ் யூரோப் எக்ஸ்பிரஸ் (1977), மேன் மெஷின் (1978), கம்ப்யூட்டர் வேர்ல்ட் (1981) ஆல்பமெல்லாம் போட்டது. மேன் மெஷின்லேர்ந்து பாட்டு எழுதினவங்க லிஸ்ட்லயும் பார்டோஸ் பேர் வரும், ஆளுங்க அவர வெறும் ட்ரம்மர்னு சொல்றப்போ எனக்கு கடுப்பாகும்.

அப்புறம் வேகம் படுத்துடுச்சு, கம்ப்யூட்டர் வேர்ல்டுக்கு அடுத்த ஆல்பம் வர அஞ்சு வருஷம். 1987ல ஃப்ளூர் போனார், 90ல பார்டோஸ் போனார், அந்த எடத்துக்கு ஃப்ரிட்ஸ் ஹில்பர்ட், ஹென்னிங் ஷ்மிட்ஸ்னு சவுண்ட் இன்ஜினியர் ஆளுங்க வந்தாங்க. 1991ல வந்த தி மிக்ஸ்ல பழைய பாட்டெல்லாம் டிஜிட்டல்ல புதுசா பண்ணிருப்பாங்க, சுத்தமா பளபளன்னு இருக்கும், எனக்கு பழசுதான் புடிக்கும். 2008ல ஷ்னைடரும் விலகினார், 2020ல காலமானார். ஆரம்பிச்சவங்கள்ல இப்போ ஹியூட்டர் மட்டும்தான்.

நேத்து ராத்திரி மேன் மெஷின் ஆல்பத்துல வர்ற தி ரோபோட்ஸ் பாட்டோட பீட்ட பேட்ல வாசிச்சு ரெக்கார்ட் பண்ணி, அதையே சாஃப்ட்வேர்ல கிரிட்ல ஒட்ட வச்சு (அதாவது ஒவ்வொரு அடியையும் துல்லியமான தாள இடத்துக்கு நகத்தி) ரெண்டையும் மாத்தி மாத்தி கேட்டேன். ஒட்ட வச்சது தி மிக்ஸ் பக்கம் போயிடுச்சு, கையால வாசிச்சது 1978 ஒரிஜினல் பக்கம் நிக்குது. ரெண்டு பேர் சேர்ந்து வாசிக்கணும்னா இன்னொரு செட் தட்டு வேணும், வீட்ல இனிமே தட்டு தரமாட்டாங்க, பாத்திரக்கடைக்கு போகணும்.