பொஸ்ரனில் பிறந்த ஒஸ்ரியப் பாட்டு

எங்கள் காலத்துக் கல்லூரிக் கொயரில் இருந்தவர்களுக்கு 'எடல்வைஸ்' பாட்டை அறிமுகம் செய்யத் தேவையில்லை. பரிசளிப்பு விழா என்றால் அது கட்டாயம் இருக்கும். ரோனியோ அடித்த தாளில் பாதி எழுத்து மங்கலாக வரிகள் வரும், ஆங்கிலம் தடுமாறுகிறவர்கள் அதற்கு மேலே பென்சிலால் தமிழில் எழுதி வைத்துக்கொள்வோம், ரீச்சர் பியானோவில் முதல் சுரத்தைத் தட்டிவிட்டு எங்கள் பக்கம் திரும்பிப் புருவத்தை உயர்த்துவார். நிகழ்ச்சி நிரலில் 'ஒஸ்ரிய நாட்டார் பாடல்' என்று அச்சடித்திருக்கும். அதிபரிலிருந்து அச்சகத்துக்காரர் வரை ஒருவரும் அதைச் சந்தேகிக்கவில்லை. எங்களோடு பாடிய ஒருவர் அது ஒஸ்ரியாவின் தேசிய கீதம் என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வார், பெயர் வேண்டாம், அவரும் இந்த மலரை வாசிப்பவர்தான்.

நாட்டார் பாடலும் இல்லை, தேசிய கீதமும் இல்லை. 1959இல் அமெரிக்காவில் ஒரு மேடை நாடகத்துக்காக எழுதிய பாட்டு. நாங்கள் படமாகப் பார்த்த 'த சவுண்ட் ஒஃப் மியூசிக்' முதலில் நியூயோர்க்கின் நாடக அரங்கு வட்டாரமான பிராட்வேயில் ஓடிய இசை நாடகம், படம் வந்தது 1965இல்தான். இசை ரிச்சர்ட் ரொட்ஜர்ஸ், பாடல் வரிகள் ஒஸ்கார் ஹமர்ஸ்ரைன். இருவரும் அதற்கு முன்பே பல நாடகங்களைச் சேர்ந்து செய்து பெரும் பெயர் எடுத்தவர்கள்.

அந்தக் காலத்தில் நியூயோர்க்குக்குப் போவதற்கு முன் வேறு ஊர்களில் நாடகத்தைப் போட்டுப் பார்ப்பது வழக்கம். எது எடுபடுகிறது, எது இழுக்கிறது என்று சபையைப் பார்த்தே திருத்துவார்கள். இந்த நாடகம் முதலில் நியூஹேவன், பிறகு பொஸ்ரன் என்று போனது. நியூஹேவனில் நாடகம் நடந்தபோது ஹமர்ஸ்ரைன் அங்கே இல்லை. அந்த செப்டெம்பரில்தான் அவருக்கு வயிற்றில் புற்றுநோய் என்று கண்டுபிடித்து சத்திரசிகிச்சை செய்திருந்தார்கள். ஓரளவு தேறிய பிறகுதான் பொஸ்ரனுக்கு வந்து சேர்ந்தார்.

அங்கே பார்த்தால் கதாநாயகன் கப்டன் வொன் ட்ராப்புக்கு ஒரு பாட்டு குறைகிறது. கதை தெரியும்தானே. ஹிட்லரின் படை ஒஸ்ரியாவுக்குள் வந்தாயிற்று, கப்டனைக் கடற்படையில் சேரச் சொல்கிறார்கள், அவர் குடும்பத்தோடு தப்பிப் போகத் தீர்மானித்துவிட்டார், அதற்கு முன் கடைசியாக ஒரு இசை விழா மேடை. அந்த இடத்தில் அவர் நாட்டுக்குப் பிரியாவிடை சொல்ல வேண்டும். நாஸிகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், அதனால் நேரே சொல்லவும் முடியாது. ஆகவே மலையில் பூக்கும் எடல்வைஸ் என்ற சின்ன வெள்ளைப் பூவைப் பார்த்துப் பாடுவதாக ஒரு பாட்டு. நாடு என்ற சொல் கடைசி வரியில்தான் வருகிறது. அதுதான் ஹமர்ஸ்ரைன் எழுதிய கடைசிப் பாட்டு. நவம்பர் 16இல் நாடகம் பிராட்வேயில் அரங்கேறியது, அடுத்த வருஷம் ஓகஸ்ட் 23இல் அவர் காலமானார். டைம்ஸ் ஸ்குவேரில் அவருக்காக ஒரு நிமிடம் விளக்குகளை அணைத்தார்களாம்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் அவர் இல்லை, மேடையில் கப்டனாக நடித்த தியோடர் பிக்கெல். வியன்னாவில் பிறந்த யூதர். 1938இல் ஜேர்மனி ஒஸ்ரியாவை இணைத்துக்கொண்டபோது அவருக்கு 13 வயது. குடும்பம் பலஸ்தீனத்துக்குத் தப்பிப் போனது, அங்கிருந்து அவர் லண்டன், பிறகு அமெரிக்கா. கிற்றாரோடு பல மொழி நாட்டார் பாடல்கள் பாடிப் புகழ்பெற்றவர், நியூபோர்ட் நாட்டார் இசை விழாவைத் தொடங்கியவர்களில் ஒருவர். அவர் கையில் கிற்றாரைக் கொடுத்துப் பாடவிட்டால் எடுபடும் என்பதற்காகவே ரொட்ஜர்ஸ் மெட்டை நாட்டார் பாடல் மாதிரி எளிமையாகப் போட்டார். யோசித்துப் பாருங்கள், ஒஸ்ரியாவை விட்டுப் போகிறவனின் பாட்டை ஒவ்வொரு இரவும் பாடியவர் உண்மையிலேயே ஒஸ்ரியாவிலிருந்து துரத்தப்பட்ட ஒருவர். சபையில் இருந்தவர்களில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும்?

பிக்கெல் பின்னாளில் ஒரு கதை சொல்வார். நாடகம் முடிந்து வெளியே வரும்போது ஒரு ரசிகர் கையெழுத்து வாங்க வந்து, எடல்வைஸ் பாட்டு அருமை, எனக்கு அது எப்போதோ தெரியும், ஆனால் ஜேர்மன் மொழியில்தான் தெரியும் என்றாராம். எழுதி மை காயாத பாட்டு! எங்கள் நிகழ்ச்சி நிரலைக் குறை சொல்லி என்ன பயன்?

மெட்டைக் கவனித்தால் காரணம் விளங்கும். மூன்று மூன்றாகப் போகும் வோல்ட்ஸ் தாளம், எங்கள் கணக்கில் திஸ்ரம். ஒரே இசைத்தொடர் திரும்பத் திரும்ப வரும், நடுவில் மட்டும் கொஞ்சம் மேலே ஏறி இறங்கும். பெரிய குரல் தேவையில்லை. கொயரில் பின்வரிசையில் வாயசைக்கத்தான் லாயக்கு என்று ஒதுக்கி வைத்த என்னைப் போன்றவர்களும் பாடிவிடலாம்.

படத்தில் திரைக்கதை எழுதிய ஏர்னஸ்ற் லேமன் செய்த ஒரு காரியம் மேடையில் இல்லாதது. விழாவுக்கு வெகு முன்பே வீட்டில், பிள்ளைகள் சுற்றி இருக்க, கப்டன் கிற்றாரை எடுத்து இதைப் பாடுகிறார், மூத்த மகள் லீசல் கூடச் சேர்கிறாள். அப்போது அது வெறும் தாலாட்டு மாதிரிதான் இருக்கும். பிறகு விழாவில் அதே பாட்டைத் தொடங்கி, பாதியில் குரல் அடைத்து நின்றுவிட, மனைவி மரியா வந்து சேர்ந்து, பிள்ளைகள் சேர்ந்து, கடைசியில் சபை முழுக்கப் பாடும்போது, ஏற்கெனவே எங்களுக்குத் தெரிந்த பாட்டாகிவிட்டதால் நாங்களும் கூடவே முணுமுணுப்போம். கெட்டித்தனமான வேலை. அந்த விழாக் காட்சி ஒஸ்ரிய நகரமான சால்ஸ்பேர்க்கில், பாறையைக் குடைந்து கட்டிய பழைய குதிரைப் பயிற்சி அரங்கில் எடுத்தது.

ஆனால் அந்தக் குரல் படத்தில் கப்டனாக நடித்த கிறிஸ்தோபர் பிளம்மருடையது இல்லை. அவர் பாடித்தான் இருந்தார், படத்தில் பில் லீ என்ற பாடகரின் குரலைப் போட்டுவிட்டார்கள். பிளம்மருக்கு அந்தப் படம் என்றாலே நெடுங்காலம் எரிச்சல். 2021இல் அவர் காலமான பிறகு, 2023இல் வந்த விரிவான இசைத்தட்டுப் பதிப்பில்தான் அவர் பாடியதை வெளியிட்டார்கள். கேட்டேன். பில் லீ அளவுக்குச் சுத்தமில்லை, ஆனால் பாட்டோடு பேசுகிற மாதிரி இருக்கிறது, எனக்கு இதுதான் பிடித்தது.

ஒஸ்ரியாக்காரருக்கோ இந்தப் படம் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ட்ராப் குடும்பம் உண்மையில் வாழ்ந்த குடும்பம்; அவர்களைப் பற்றி 1956இலேயே ஜேர்மன் மொழியில் ஒரு படம் வந்து நன்றாக ஓடியிருந்தது, அமெரிக்கக்காரன் காட்டிய உடுப்பும் பாட்டும் அவர்களுக்கு அந்நியமாகப் பட்டிருக்க வேண்டும். உண்மையான குடும்பம் படத்தில் வருவதுபோல் மலை ஏறித் தப்பவும் இல்லை, ரெயில் ஏறி இத்தாலிக்குப் போனது. சால்ஸ்பேர்க்கின் சொந்த நாடக அரங்கில் இந்த இசை நாடகம் முதன்முதலாக மேடையேறியது 2011இல். பூவிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. எடல்வைஸ் ஹிட்லரின் மலைப்படையின் சின்னமும்கூட, தொப்பியில் குத்தியிருப்பார்கள். அதே நேரம் ஹிட்லர் இளைஞர் படையில் சேர மறுத்து அடிதடிப்பட்ட ஜேர்மன் பொடியன்களும் தங்களை எடல்வைஸ் கடற்கொள்ளையர் என்றுதான் அழைத்துக்கொண்டார்கள். இன்று ஒஸ்ரியாவின் 2 சென்ற் நாணயத்தில் அந்தப் பூ இருக்கிறது.

தேசிய கீதக் கட்சிக்காரருக்கு ஒரு தகவல்: அவர்களுடைய கீதம் வேறு, மலைகளையும் ஆற்றையும் பாடித் தொடங்கும், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஏற்றுக்கொண்டது.

இன்னொன்று. சில தேவாலயங்களில் ஆராதனை முடிவில் இதே மெட்டில் ஆசீர்வாதப் பாட்டு ஒன்று பாடுவார்கள், எங்கள் ஆட்கள் பலருக்கும் அது தெரியும். ரொட்ஜர்ஸ், ஹமர்ஸ்ரைன் உரிமை வைத்திருப்பவர்கள் அந்த மெட்டுக்கு வேறு வரி போட அனுமதி கொடுப்பதில்லை. அதனால் ஆண்டு விழாவுக்கு இந்த மெட்டில் கல்லூரி வாழ்த்து எழுதித் தருகிறேன் என்று வாட்ஸ்அப் குழுவில் கிளம்பியிருக்கும் நண்பர் தயவுசெய்து வேறு மெட்டுப் பார்க்கட்டும். மூல வரிகளையே பாடுவோம். செயற்குழுவிடம் ஒரு வேண்டுகோள்: சுருதியைக் கொஞ்சம் இறக்கிப் பிடியுங்கள், அந்த நடுப்பகுதி எங்களில் பலருக்கு இப்போது எட்டாது.