ஒன்றரைப் படி

"சுரண்டிட்டுத்தானே தம்பி மேல போடுவீங்க?"

"ஆமாங்க ஐயா."

பேசியது இவ்வளவுதான். 2009-இல், திருவல்லிக்கேணியில் ஒரு தெரு, சாயங்காலம் ஐந்தரை மணி இருக்கும். நான் அப்போது ஓர் ஒப்பந்தக்காரரிடம் சைட் இன்ஜினியர். அன்று ராத்திரி தார் போட வேண்டும். பழைய தாரைச் சுரண்டி எடுக்கும் மில்லிங் மெஷின் வரப்போவதில்லை என்று காலையிலேயே எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஆமாம் என்றேன்.

அந்தப் பெரியவர் போகிற போக்கில் கேட்கவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு போய் வாசல் படியைக் காட்டினார். அவருடைய அப்பா காலத்தில் தெருவிலிருந்து திண்ணைக்கு ஏற மூன்று கருங்கல் படிகள். கீழ்ப்படி முழுசாகத் தாருக்குள் போயிருந்தது. நடுப்படி பாதிதான் தெரிந்தது. அதன் விளிம்பில் ஒட்டியிருந்த தாரைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டிக்கொண்டே பேசினார். படி ஒன்றுக்கு அரையடி என்றால் ஒன்றரைப் படிக்கு முக்கால் அடி. ஒரு தடவை போடுவது 40 மில்லிமீட்டர். அப்படியானால் ஐந்து அல்லது ஆறு தடவை. அவர் எதிரில் நின்றபடியே இந்தக் கணக்கை மனசுக்குள் போட்டு முடித்துவிட்டேன்.

என் பக்கத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் டெண்டரில் சுரண்டுகிற வேலையே கிடையாது. மெஷின் வாடகை, சுரண்டிய கழிவை ஏற்றிக்கொண்டு போகும் லாரி, கொட்ட இடம், எதற்கும் அதில் பணம் இல்லை. தெருவும் குறுகல். அந்தப் பகுதியில் வீட்டுக் குழாய் இணைப்புகள் ஒரு சாண் ஆழத்தில்கூட ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். மெஷின் பல் பட்டால் தெருவே தண்ணீருக்குத் தவிக்கும். சம்பளம் வாங்குகிற இருபத்தாறு வயசுப் பையன் என்ன செய்திருக்க முடியும்?

"இல்லீங்க ஐயா, அப்படியேதான் போடுவோம்" என்று சொல்லியிருக்க முடியும். சொல்லியிருந்தால் அவர் நாலு வீட்டுக்காரர்களைக் கூட்டியிருப்பார், வேலை நின்றிருக்கும். நின்றிருந்தால் என்ன? அந்தத் தெரு இன்னும் ஒரு வருஷம் குண்டும் குழியுமாகக் கிடந்திருக்கும். நல்ல ரோடு வேண்டும் என்று கேட்டதும் அதே வீட்டுக்காரர்கள்தான். இந்த இடத்துக்கு வந்ததும் நான் செய்தது சரி என்று தோன்றும்.

அப்புறம் இன்னொன்று ஞாபகம் வரும். அந்தத் தெருவில் வேலையை மறுகோடியிலிருந்துதான் தொடங்குவதாக இருந்தது. ராத்திரி பதினொரு மணிக்கு லாரி வந்ததும், "இந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிங்க" என்று நான்தான் மாற்றினேன். பெரியவர் வீடு இந்தப் பக்கம். அவர் தூங்கி எழுவதற்குள் அவர் வாசலில் ரோலர் ஓடி முடிந்திருக்க வேண்டும். அதை டெண்டரும் சொல்லவில்லை, ஒப்பந்தக்காரரும் சொல்லவில்லை. விடிவதற்கு முன்னால் நான் அங்கிருந்து கிளம்பிவிட்டேன். அவரை அப்புறம் பார்க்கவே இல்லை.

சென்னை மாறிப்போச்சு என்று பேசும்போது எல்லோரும் மவுண்ட் ரோட்டையும் சென்ட்ரல் பக்கத்தையும்தான் சொல்வார்கள். 1959-இல் 14 மாடி எல்.ஐ.சி. எழும்பியது, 1985-இல் மூர் மார்க்கெட் எரிந்தது, பழைய ஸ்பென்சர் போய் பிளாசா வந்தது, சஃபையர் தியேட்டர் காணாமல் போனது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வருஷம் இருக்கிறது. தெரு உயர்ந்ததற்கு வருஷமே கிடையாது. அது ராத்திரியில், விரல் பருமன் விரல் பருமனாக நடந்தது. மழைத் தண்ணீர் வீட்டிலிருந்து தெருவுக்கு இறங்கும்படிதான் அந்தக் காலத்தில் திண்ணையைத் தூக்கிக் கட்டினார்கள். தெரு ஏற ஏற தண்ணீர் திசை மாறிவிட்டது. இன்றைக்குப் பழைய தெருக்களில் நிலைப்படிக்கு முன்னால் ஒரு முழ உயரத்துக்குச் சிமென்ட் தடுப்பு கட்டி, அதைத் தாண்டித் தாண்டி வீட்டுக்குள் போகிறார்கள். வசதி உள்ளவர்கள் வரிசையாக ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறார்கள். முடியாதவர்கள் பில்டரிடம் கொடுத்துவிடுகிறார்கள். பில்டர் தரைமட்டத்தை ரோட்டுக்கு மேலே ஏற்றி, கீழே கார் நிறுத்த இடம் விட்டு, மேலே ஃபிளாட் கட்டுகிறார். அந்தத் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகிறது. திண்ணை வீடுகள் போனதற்குச் சொத்துப் பிரிவினை, நிலத்தின் விலை என்று பல காரணங்கள் உண்டு. அதில் எங்கள் தாருக்கும் பங்கு உண்டு என்றுதான் நினைக்கிறேன். 2015 டிசம்பரில் வீடு வீடாகத் தண்ணீர் புகுந்தபோது, ஆற்றையும் ஏரியையும் விட்டுவிட்டு எனக்கு அந்தப் பாதிப்படிதான் கண்ணில் நின்றது.

2021-இல் தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய அடுக்கைச் சுரண்டாமல் ரோடு போடக் கூடாது என்று உத்தரவு போட்டார். அன்றைக்கு மனசு லேசானது நிஜம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்திருக்கக் கூடாதா என்றும் இருந்தது. அடுத்த வருஷம் அந்தத் தெரு வழியாகப் போனேன். கேபிளுக்காக ஓரத்தில் பள்ளம் வெட்டியிருந்தார்கள். வெட்டின பக்கத்தில் தார் அடுக்குகள் அடை அடையாகத் தெரிந்தன. குனிந்து எண்ணினேன், ஏழு. மேலிருந்து இரண்டாவது என்னுடையதாக இருக்க வேண்டும். பெரியவர் வீட்டு இடத்தில் நாலு மாடி ஃபிளாட் நின்றது. வாட்ச்மேனிடம் விசாரித்திருக்கலாம். விசாரிக்கவில்லை.

இப்போது என்னிடம் வேலை பழகும் பையன்களிடம், சைட்டில் யார் கேட்டாலும் உள்ளதைச் சொல்லுங்கள் என்று சொல்கிறேன். மனசாரத்தான் சொல்கிறேன். போன மாசம் வேறொரு தெருவில் ஓர் அம்மா வந்து, "எவ்வளவு சுரண்டினீங்களோ அவ்வளவுதானே போடுவீங்க?" என்று கேட்டார். நாங்கள் சுரண்டியிருந்தது 30 மில்லிமீட்டர். போடப்போவது 40.

"சரியா வந்துரும்மா" என்றேன்.

10 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். அவர் வீட்டு வாசலில் எத்தனை படி இருந்தது என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.