62 பிஸ்கட் சாப்பிட்டால் இதயத்துக்கு நல்லது

எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய காட்சி இது. ரத்தப் பரிசோதனை முடிவு வருகிறது. கொலஸ்ட்ரால் கொஞ்சம் கூடுதல். டாக்டர் "ஓட்ஸ் சேர்த்துக்குங்க" என்கிறார். அன்று சாயங்காலமே வீட்டுக்கு ஓட்ஸ் பிஸ்கட் வந்துவிடுகிறது. பாக்கெட்டின் முகப்பில் ஒரு சிவப்பு இதயம், பக்கத்தில் தங்க நிறத்தில் கதிர் ஒன்று, கீழே "ஓட்ஸின் நற்குணம் நிறைந்தது".

"என்னங்க, இதோட எட்டு ஆச்சு."

"இது ஓட்ஸும்மா."

இந்த 'இது ஓட்ஸும்மா'வைத்தான் கொஞ்சம் எடைபோட்டுப் பார்க்கவேண்டும். நேற்றுவரை சாதா பிஸ்கட் என்றால் இரண்டோடு கை தானாக நின்றுவிடும். மூன்றாவதை எடுக்கும்போது ஒரு குற்ற உணர்ச்சி வரும். ஓட்ஸ் வந்ததும் அந்தக் குற்ற உணர்ச்சி ஓய்வு பெற்றுவிட்டது. பலகாரம் மருந்தாகிவிட்டது, மருந்தை யாராவது குறைத்துச் சாப்பிடுவார்களா?

சரி, கணக்குப் போடுவோம். ஓட்ஸில் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் வேலையைச் செய்வது பீட்டா குளூக்கன் என்ற கரையும் நார்ச்சத்து. ஒரு நாளைக்கு 3 கிராம் பீட்டா குளூக்கன் என்பதுதான் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 1997-இல் ஒப்புக்கொண்ட அளவு. பின்னால் ஐரோப்பாவிலும் அதே 3 கிராம்தான். ஓட்ஸில் அது சுமார் 4 சதவீதம் இருக்கும். ஆக, நாளுக்கு 75 கிராம் உலர்ந்த ஓட்ஸ் வேண்டும்.

இப்போது பாக்கெட்டைத் திருப்புங்கள். முகப்பில் படம் போட்டு மெச்சிக்கொண்ட பொருளுக்குச் சேர்மானப் பட்டியலில் சதவீதம் போடவேண்டும் என்பது பல நாடுகளில் விதி. அதனால் அடைப்புக்குறிக்குள் எறும்பு அளவு எழுத்தில் ஓர் எண் இருக்கும். 15 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பிஸ்கட் ஒன்று 8 கிராம் என்றால் அதில் ஓட்ஸ் 1.2 கிராம். அதில் பீட்டா குளூக்கன் 0.048 கிராம். 3 கிராம் சேர்வதற்கு 62 பிஸ்கட் தின்னவேண்டும், அப்போதும் துளி குறையும். எடை அரைக் கிலோ. 100 கிராமுக்கு 480 கலோரி, சர்க்கரை 22 கிராம் என்று பாக்கெட்டில் போட்டிருந்தால், மொத்தம் சுமார் 2,400 கலோரியும் 27 டீஸ்பூன் சர்க்கரையும் இதயத்தைப் பாதுகாக்கப் புறப்பட்டு வருகின்றன. ஒரு டீஸ்பூன் 4 கிராம் என்பது இந்தக் கணக்குக்கு. 75 கிராம் ஓட்ஸைக் கஞ்சியாகக் குடித்திருந்தால் 300 கலோரிகூட ஆகாது.

பாக்கெட்டில் பொய் ஒன்றும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஓட்ஸ் இருக்கிறது. ஓட்ஸ் நல்லதுதான். 'நற்குணம்' என்ற சொல்லுக்கு மட்டும் கிராம் கணக்கு கிடையாது. அந்த இதயப் படமும் சும்மா அலங்காரத்துக்கு வந்ததல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி படத்தையும் குறியீட்டையும்கூட உரிமைகோரல் என்றே எடுத்துக்கொள்கிறது. வாக்கியம் எழுதினால்தான் ஆதாரம் கேட்பார்கள், படம் வரைந்தால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று விற்பவர்கள் நினைத்துவிடக்கூடாது அல்லவா.

இந்த 'நல்லதுதானே, இன்னொன்று எடுத்துக்கோ' நோய்க்கு ஆங்கிலத்தில் ஒரு பிஸ்கட்டின் பெயரையே வைத்துவிட்டார்கள். 1992-இல் நபிஸ்கோ நிறுவனம் அமெரிக்காவில் 'ஸ்நாக்வெல்ஸ்' என்று கொழுப்பில்லாத பிஸ்கட்டும் கேக்கும் கொண்டுவந்தது. கொழுப்புதான் ஊர் எதிரி என்றிருந்த காலம். அலமாரியில் நிற்காமல் பறந்தது. கொழுப்பு இல்லையே என்று மக்கள் பாக்கெட் பாக்கெட்டாகத் தின்றார்கள். அதிலிருந்து, 'நல்லது' என்று எழுதியதைக் கூடுதலாகத் தின்னும் பழக்கத்துக்கு 'ஸ்நாக்வெல் விளைவு' என்று பெயர்.

கொழுப்பை எடுத்தால் ஏன் காரியம் கெடுகிறது என்பது சமைப்பவர்களுக்குத் தெரியும். வாயில் கரைகிற அந்த மென்மை கொழுப்பால் வருவது. அதை எடுத்துவிட்டால் பிஸ்கட் சுண்ணாம்புக் கட்டி மாதிரி ஆகிவிடும். அந்தக் குழியை நிரப்பச் சர்க்கரையும் மாவுச்சத்தும் வரும். பழச்சுவை போட்ட 'குறைந்த கொழுப்பு' தயிர்க் கோப்பையிலும் இதே கதைதான். அங்கே கணக்குப் பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. வெறும் தயிரிலேயே 100 கிராமுக்கு 4, 5 கிராம் பால் சர்க்கரை இருக்கும். லேபிளில் உள்ள சர்க்கரையில் அதைக் கழித்தால் மிச்சம் பழத்திலிருந்து வந்தது, இல்லையென்றால் கரண்டியால் போட்டது. பழம் எவ்வளவு என்று மறுபடி அந்த அடைப்புக்குறியைப் பாருங்கள். 6 சதவீதம் என்றால் கரண்டிதான்.

சொற்களில் ஓர் இலக்கணப் பாடமும் இருக்கிறது. 'குறைந்த கொழுப்பு' வேறு, 'குறைக்கப்பட்ட கொழுப்பு' வேறு. முதலாவதற்குச் சர்வதேச உணவுத் தரமான கோடெக்ஸ் வைத்திருக்கும் வரம்பு, திட உணவில் 100 கிராமுக்கு 3 கிராமுக்கு மேல் கூடாது. இரண்டாவதற்கு, பழைய சரக்கைவிடக் கால்பங்கு குறைந்தால் போதும். ஐரோப்பாவில் 30 சதவீதம். உருளைக்கிழங்கு வறுவலில் 34 கிராம் இருந்தது 25 கிராம் ஆனால் கோடெக்ஸ் கணக்கில் அது 'குறைக்கப்பட்டது'. ஆக 'க்கப்பட்ட' என்ற ஒட்டுக்குள் மட்டும் 22 கிராம் கொழுப்பு பதுங்கியிருக்கிறது. தமிழாசிரியர்கள் செயப்பாட்டு வினை வேண்டாம் என்று சொன்னபோது நாம் கேட்டிருக்கலாம்.

தாவர எண்ணெய்ப் புட்டியில் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று போடுவது, வாழைப்பழத்தில் 'எலும்பு நீக்கப்பட்டது' என்று ஒட்டுவது மாதிரி. கொலஸ்ட்ரால் விலங்கு உணவில்தான் பொருட்படுத்தும் அளவில் இருக்கும். ஆனால் அதைப் படித்த கை தாராளமாகிறது. எந்தத் தாவர எண்ணெயானாலும் கிராமுக்கு 9 கலோரி. ஒரு மேசைக்கரண்டி 120. 'லைட்' ஆலிவ் எண்ணெய் என்பதும் நிறத்திலும் வாசனையிலும்தான் லைட்.

எண்ணெய் ஸ்பிரே இன்னும் சுவாரஸ்யம். அமெரிக்க லேபிளில் 'கொழுப்பு 0' என்றிருக்கும். உள்ளே இருப்பது எண்ணெய்தான்! ஒரு வேளைக்கு, அதாவது ஒரு 'செர்விங்'குக்கு, 0.5 கிராமுக்குக் கீழே இருந்தால் பூஜ்யம் என்று எழுதலாம் என்பது அந்த ஊர் விதி. ஒரு வேளை என்பது எவ்வளவு? கால் நொடி அழுத்துவது, 0.25 கிராம். கால் நொடியில் சட்டியின் நடுவில் ஒரு பொட்டுதான் விழும். சட்டி முழுக்கப் பிடிக்க ஐந்து நொடியாவது அடிப்போம். 5 கிராம் எண்ணெய், 45 கலோரி. இருபது பூஜ்யத்தைக் கூட்டினால் 45 வருகிற கணக்கு வேறெங்கும் கிடையாது.

அதனால்தான் 'ஒரு வேளைக்கு' என்ற கட்டத்தை விட்டுவிட்டு '100 கிராமுக்கு' என்ற கட்டத்தைப் பார்க்கவேண்டும் என்பது. ஒரு பாக்கெட்டில் வேளை 20 கிராம், பக்கத்துப் பாக்கெட்டில் 35 கிராம் என்றால் எதுவும் எதோடும் ஒப்பிட வராது. பாலில் கலக்கும் மாவுகளில் இன்னொரு தந்திரம்: 'பாலுடன்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் மின்னுகிற புரதமும் கால்சியமும் பெரும்பாலும் மாட்டினுடைய உழைப்பு. சேர்மானப் பட்டியல் எடை வரிசையில் இருக்கும் என்பதையும் மறக்கவேண்டாம். சர்க்கரை, குளுக்கோஸ் சிரப், மால்டோடெக்ஸ்ட்ரின், பழச்சாறு அடர்வு என்று நான்காகப் பிரிந்து தனித்தனியே பின்வரிசையில் உட்கார்ந்திருந்தால், கூட்டுக் குடும்பமாகச் சேர்த்து எண்ணிப் பாருங்கள். முதல் வரிசைக்கு வந்துவிடும். 'பலதானிய' ரொட்டியும் அப்படித்தான். ஒன்றுக்கு மேற்பட்ட தானியம் என்பதுதான் அதன் பொருள், முழுத்தானியம் என்பதல்ல. முதலில் மைதா, நிறத்துக்குக் கேரமல் என்று இருந்தால் அது வெயிலில் நின்று கறுத்த வெள்ளை ரொட்டி.

சர்க்கரையில்லாத சாக்லேட் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். சர்க்கரைக்குப் பதில் மால்டிடால் மாதிரி ஒரு பாலியால், அதாவது சர்க்கரை ஆல்கஹால் என்ற வகை இனிப்பு இருக்கும். அது சிறுகுடலில் முழுசாக உறிஞ்சப்படாது. மிச்சம் பெருங்குடலுக்குப் போய்த் தண்ணீரை இழுக்கும். அங்கிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நொதிக்கவைத்து வாயு கிளப்பும். 100 கிராம் சாக்லேட்டில் 40 கிராம் மால்டிடால் இருக்கலாம். சிலருக்கு 20, 30 கிராமிலேயே வயிறு பேச ஆரம்பித்துவிடும். 10 சதவீதத்துக்கு மேல் பாலியால் இருந்தால் 'அதிகமாகச் சாப்பிட்டால் பேதியாகலாம்' என்று அச்சிடவேண்டும் என்பது ஐரோப்பிய விதி. முகப்பில் இருக்கிற 'சர்க்கரை இல்லை'யைப் படித்தவர், பின்பக்கத்து வரியைப் பாத்ரூமில் உட்கார்ந்துதான் படிப்பார். இத்தனைக்கும் மால்டிடாலில் கிராமுக்கு 2.1 முதல் 2.4 கலோரி உண்டு, கொக்கோ வெண்ணெய் எங்கும் போகவில்லை.

தேனும் பழச்சாறும் தப்பித்துக்கொள்ளலாம் என்று பார்க்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இரண்டும் சர்க்கரைக் கணக்கில்தான் இருக்கின்றன. மேசைக்கரண்டித் தேனில் சுமார் 17 கிராம் சர்க்கரை.

இதற்கெல்லாம் அதிகாரிகள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டால், 2011-இல் ஐரோப்பாவில் நடந்ததைச் சொல்லவேண்டும். 'தண்ணீர் போதிய அளவு தொடர்ந்து குடித்தால் நீரிழப்பு வரும் அபாயம் குறையும்' என்று எழுத அனுமதி கேட்டு இரண்டு ஜெர்மன் பேராசிரியர்கள் விண்ணப்பித்திருந்தார்கள். மறுத்துவிட்டார்கள். கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் காரணம் கோணலானதல்ல. நோய் அபாயம் குறையும் என்று சொல்லவேண்டுமென்றால், அந்த நோய்க்கு முன்னால் நிற்கும் ஓர் ஆபத்துக் காரணி குறைவதைக் காட்டவேண்டும். உடம்பில் நீர் குறைவது நீரிழப்புக்குக் காரணி இல்லை, நீரிழப்பே அதுதான். படிவத்தில் தவறான கட்டத்தைப் பூர்த்திசெய்தால் தண்ணீருக்கும் வேலை கிடைக்காது. வேறொரு வாசகத்துக்கு, நாளுக்கு 2 லிட்டர் என்ற நிபந்தனையோடு, அடுத்த வருடமே அனுமதி கிடைத்தது.

லேபிள் மனசை மட்டும் ஏமாற்றவில்லை, வயிற்றையும் ஏமாற்றும் என்பதற்கு 2011-இல் வெளியான ஓர் ஆய்வு உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஆலியா கிரம் குழுவினர் 46 பேருக்கு ஒரே 380 கலோரி மில்க்ஷேக்கை இருமுறை கொடுத்தார்கள். ஒருமுறை '620 கலோரி, சொகுசு' என்ற லேபிள், இன்னொருமுறை '140 கலோரி, பொறுப்பானது'. சொகுசு என்று நம்பிக் குடித்தபோது பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் நன்றாக இறங்கியது. பொறுப்பாகக் குடித்தபோது ஏறக்குறைய அசையவே இல்லை. சின்ன ஆய்வுதான். ஆனாலும் டயட் பானத்தைக் குடித்துவிட்டு அலமாரியைத் துழாவும் கைக்கு ஒரு சாக்கு கிடைத்தது.

வேடிக்கை என்னவென்றால், பிஸ்கட்டை விற்றுக்கொடுக்கும் அதே 'ஆரோக்கியம்' காய்கறியைத் துரத்திவிடும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உணவகத்தில் ஒரே காய்கறிக்கு நாளுக்கொரு பெயர் வைத்துப் பார்த்து 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். நாவூறும் பெயர் வைத்தபோது, சாதாரணப் பெயரைவிட 25 சதவீதம் கூடுதல் பேர் எடுத்தார்கள். 'அது குறைவு, இது இல்லை' என்ற ஆரோக்கியப் பெயரோடு ஒப்பிட்டால் 41 சதவீதம் கூடுதல். சமையலில் ஒரு மாற்றமும் இல்லை. "உடம்புக்கு நல்லது, சாப்பிடு" என்று தட்டில் பொரியல் வைப்பவர்கள் இதை யோசிக்கலாம்.

நம்ம பிஸ்கட் வீட்டுக்குத் திரும்புவோம். கணக்கு சொல்லப்பட்டது. மறுநாள் காலை தராசில் 75 கிராம் ஓட்ஸ், 450 மி.லி. தண்ணீர், அடிக்கடி கிளறல், ஐந்தாறு நிமிடம். அவல் மாதிரித் தட்டையான ஓட்ஸ் என்றால்தான் இந்த நேரம். நறுக்கிய முழு ஓட்ஸ் அரைமணி கேட்கும். கஞ்சி வந்தது.

"என்னம்மா இது, ஒரே கொழகொழன்னு?"

"அந்தக் கொழகொழப்புதாங்க மருந்தே."

உண்மைதான். பீட்டா குளூக்கன் தண்ணீரில் ஊறிக் கூழாவதால் வருவது அது. குடலில் பித்த அமிலத்தைப் பிடித்து வெளியே தள்ளுகிறது. கல்லீரல் புதுப் பித்த அமிலம் தயாரிக்க ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை இழுத்துக்கொள்கிறது. வழவழப்பு பிடிக்காமல் ஊறவைத்த நீரையும் வடித்த நீரையும் கொட்டுபவர்கள், வாங்கிவந்த மருந்தில் ஒரு பங்கைச் சாக்கடைக்குக் கொடுக்கிறார்கள்.

முகத்தைச் சுளித்துக்கொண்டு கிண்ணத்தைக் காலி செய்தார். வாயைத் துடைத்தார். கை மெதுவாக அந்தச் சிவப்பு இதயத்தின் பக்கம் நகர்ந்தது.

"இப்ப எதுக்குங்க அது?"

"கஞ்சிதான் முழுசா குடிச்சாச்சே!"