யூரியா வராத காலத்துத் தோட்டம்

1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது, எரிபொருள், பற்றரி ஆகியவற்றோடு யூரியாவும் யாழ்ப்பாணத்துக்குத் தடுக்கப்பட்டிருந்தது. அந்த ஆண்டுகளில் எமது கல்லூரியில் விவசாயம் கற்பித்த ஆசிரியர், சேதனப் பசளை பற்றிய அலகு வந்ததும் கரும்பலகையை விட்டுவிட்டு, எம்மைச் சைக்கிள்களில் உரும்பிராய்ச் செம்மண் தோட்டமொன்றுக்கு அழைத்துச் செல்வார்.

மிளகாய்க்குப் பண்படுத்திய தறையில் தோட்டக்கார ஐயா சால் வெட்டி, பூவரசங்குழையையும் சீமைக்கிளுவைக் குழையையும் பரப்பி, மிதித்து மண்ணால் மூடுவார். தடித்த கொப்புகள் உக்குவதற்கு நாளெடுக்கும் என்பதால் அவற்றை ஒடித்து எறியும் வேலை எங்களுடையது. முன்னரே குழை தாழ்த்திய இடத்தை அவர் கிளறிக் காட்டியபோது, இலை நரம்புகள் மட்டும் எஞ்சியிருக்க, சிவந்த மண் கருமை கலந்து பொலபொலவென உதிர்ந்தது. ஆசிரியரோ வரம்போரச் சணற்செடியொன்றைப் பிடுங்கி, வேர்முடிச்சை நகத்தால் கீறினார். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் நைதரசனைப் பதிக்கும் பற்றீரியா உயிர்ப்போடு இருக்கிறதென்று பொருள். பாடநூற் படத்தில் அந்த நிறம் இருக்கவில்லை.

இயற்கை விவசாயத்தின் பெருமையை ஐயா பேசுவாரென எதிர்பார்த்தோம். "தம்பியவை, யூரியா கிடைச்சால் நான் ஏன் மாட்டுக்குப் பின்னாலை திரியிறன்?" என்றார் அவர். ஆசிரியர் அதை மறுக்காமல் கணக்குப் போடச் சொன்னார். யூரியாவில் 46 சதவீதம் நைதரசன். ஆகவே 50 கிலோ மூடையொன்றில் 23 கிலோ. ஈரமான மாட்டெருவில் ஏறத்தாழ அரைச் சதவீதமே எனக் கொண்டால், அதே அளவு நைதரசனுக்கு நாலரைத் தொன்னுக்கு மேல் எரு சுமக்க வேண்டும். சுமப்பதற்கு ஆளும், கட்டுவதற்கு மாடும், வெட்டுவதற்கு வேலியிற் குழையும் வேண்டும்.

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியை நாடு முழுவதற்கும் தடைசெய்து, நவம்பரில் அத்தடையைத் தளர்த்திய அரசாங்கத்தில் எவரும் இந்தக் கணக்கைப் போட்டதாகத் தெரியவில்லை. மறுபுறம், இட்ட பசளையிலிருந்து சுண்ணக்கல்லினூடாக இறங்கும் நைத்திரேற்று எமது கிணறுகள் பலவற்றில், குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற அளவைத் தாண்டியிருப்பதும் உண்மை. யூரியா மூடைக்குக் கண்ணை மூடிக்கொண்டு திரும்பவும் முடியாது.

ஆகவே, திறன்பலகைகளுக்கென (ஸ்மார்ட் போர்ட்) எமது பழைய மாணவர் சங்கம் கல்லூரிக்கு ஆண்டுதோறும் அனுப்பும் நிதியில் ஒரு பகுதியை, விவசாயம் கற்கும் மாணவர்களைத் தோட்டங்களுக்கு அழைத்துச் செல்லும் பேருந்துச் செலவுக்கும், வேலையை நிறுத்தி விளக்கும் தோட்டக்காரருக்கு அன்றைய கூலிக்கும் ஒதுக்குமாறு அடுத்த பொதுக்கூட்டத்தில் முன்மொழிய விரும்புகிறேன்.